தலைப்புக்கு ஓர் எழுத்து, வாசிப்புக்கு ஓர் எழுத்து

(வானொலியில் நிகழ்த்திய இலக்கிய உரை)



மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியிலே அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளி திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்பது மரபு. இன்றும் அங்கே போவோருக்கு ஓலையில் எழுத்தாணியாற் கீறி, மை பூசித் துடைத்துக் காட்டுவார்கள். கோடு முழுவதும் ஒரே பருமனாயிருக்கும். நம் தமிழேடுகளும் அப்படியே. தலைப்புக்கென்று தனியெழுத்துக் கிடையாது.

தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு அச்சிலேதான் நிலைத்தது. ஆங்கில அச்செழுத்தின் நுனிகளில் ‘செரிஃப்’ எனப்படும் சிறு கீற்று உண்டு. தமிழின் சுழிக்கு அது ஒட்டாது. நமக்குப் பயன்பட்டது அதனோடு வரும் தடிப்பும் மெலிவுந்தான்.

ஆனால் அளவு மாறும்போது வடிவமும் மாறவேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய தமிழெழுத்துகள் பெரியவை, கடதாசியை விழுங்கின. சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டை 1715இல் முடிக்க, சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொற்றொகுப்பு, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வின்சுலோ அகராதியாக 1862இல் சென்னையில் ஒரே நூலாக வந்ததும், அச்சகப் பொறுப்பாளர் ஹண்டின் சிற்றெழுத்துகளால்தான்.

சிற்றெழுத்தில் மெல்லிய கோடு சற்றுத் தடிக்க வேண்டும், சுழி விரிய வேண்டும், இடைவெளி கூட வேண்டும். தலைப்பெழுத்துக்கு நேர்மாறு. தமிழிற் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால், பருமனையும் தடிப்பையும் விட்டால் தலைப்புக்கு வேறு அடையாளமுமில்லை.

என் கவிதைத் தொகுப்பு ஒன்றில், தலைப்புக்கு வரைந்த அழகிய எழுத்தையே சுருக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். சுழிகளில் மை அடைத்துக்கொண்டது. ‘மணம்’ என்று நான் எழுதியதை நண்பரொருவர் மேடையில் ‘மனம்’ என்றே வாசித்தார், பாராட்டியும் பேசினார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணினியிலே இன்னொரு வினை. தமிழ்ச்சொல் நீளமானது, பத்திக்குள் அடங்காத தலைப்பைப் பக்கவாட்டில் நெருக்கிவிடுகிறார்கள். நிற்கும் கோடு மெலிகிறது, படுத்த கோடு அப்படியே கிடக்கிறது. வரைந்தவர் நினைத்த தடிப்பு தலைகீழாகிறது. தலைப்பில் ஒரு சொல்லைக் குறைத்திருக்கலாம்.

தொகுப்பு வெளியிடப்போகிறவர்கள் திரையிற் பெருக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். அச்சிடப்போகும் கடதாசியிலேயே, அதே அளவில், ஒரு பக்கம் எடுத்துக் கேளுங்கள். முதலில் ‘ண’வையும் ‘ன’வையும் பாருங்கள்.