கதவு திறக்கும்வரை நிற்போம்

(எமது சங்கத்தின் கார்த்திகை மாதப் பொதுக்கூட்டத்தில், மார்கழிப் பஜனை ஆரம்பிப்பதற்கு முன்னர் நிகழ்த்திய உரை)



மார்கழி பிறக்கப் போகிறது. இளைஞர் சார்பில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுங்கள் என்று செயலாளர் பணித்தார். இந்த மலையிலே 70, 80 மார்கழிகளைக் கண்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னே, விடுமுறைக்கு மட்டும் வீடு வரும் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் மார்கழியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆயினும் சென்ற மார்கழியில் நாம் கற்ற ஒரு பாடம் உண்டு. அதை உங்கள் முன் ஒப்புவிக்காமல் இம்முறை ஆர்மோனியத்தைத் தூக்க எமக்கு மனம் வரவில்லை.

முதலில் எமது குளிரைப் பற்றி இரண்டு சொல். திம்புள்ளைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,200 மீற்றரிலிருந்து 1,700 மீற்றர் வரையான உயரத்தில் இருக்கின்றன. நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் அரைப் பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்று பாடசாலையில் படித்தோம். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளிலே நிலம் தன் சூட்டை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட்டு ஆறிப்போகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்திலே தேங்கும். அதனால்தான் மேட்டு லயத்தில் கைகால் விறைக்கும்போது, ஓடைக்கரைப் பணிய லயத்தில் பல்லும் கிட்டுகிறது. நுவரெலியாப் பக்கத்தில் அந்நாட்களில் புல்லின் மீது உறைபனி படிந்து கொழுந்து கருகுவதும் உண்டு.

இதே குளிரும் வறண்ட காற்றும்தான் திம்புள்ளைத் தேயிலைக்கு அதன் மணத்தைக் கொடுக்கின்றன. தை முதல் பங்குனி வரை எடுக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. தேயிலைக்கு மணம் கொடுக்கும் குளிர், அதைப் பறிக்கும் கைகளுக்கு வெடிப்பையும், வயோதிபருக்கு இருமலையும், குழந்தைகளுக்குச் சளியையும் கொடுக்கிறது. ஏலத்தில் விலை போவது மணம் மட்டுமே. இருமல் லயத்தோடு நின்றுவிடுகிறது.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். சென்ற மார்கழியில், ஒரு விடியற்காலை நான்கரை மணிக்குப் பஜனை கோஷ்டி மேட்டு லயத்துக்குப் போயிற்று. வழக்கம்போலக் கதவுகள் திறந்தன, விளக்குகள் தெரிந்தன, தாய்மார் கற்பூரம் காட்டினார்கள். கடைசிக் காம்பராக் கதவு மாத்திரம் திறக்கவில்லை. அதிலே ஒரு பாட்டியும் ஒன்பது வயதுப் பேத்தியும் இருந்தார்கள். பிள்ளையின் தாயும் தகப்பனும் கொழும்பில் வேலை. "குளிருக்குப் போர்த்திப் படுத்திருப்பார்கள்" என்று சொல்லி, அடுத்த பாட்டை எடுத்துக்கொண்டு நாம் கீழே இறங்கிவிட்டோம்.

அரை மணி நேரத்தின் பின், பீலிக்குத் தண்ணீருக்குப் போன பக்கத்துக் காம்பரா அக்கா, பாட்டி வரவில்லையே என்று கதவைத் தட்டினார். பதில் இல்லை. தள்ளித் திறந்தார்கள். உள்ளே கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. ஜன்னல் சந்துகள் எல்லாம் சாக்கினால் அடைக்கப்பட்டிருந்தன. இருவரையும் இஸ்தோப்புக்குத் தூக்கி வந்தார்கள். தெய்வாதீனமாக இருவரும் பிழைத்தார்கள். பாட்டி பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளையைப் பார்க்கப் போனபோது அவள் எம்மிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "அண்ணே, நீங்க பாடுனது கேட்டுச்சு. எந்திரிக்கத்தான் முடியல."

பெரியோர்களே! எமது பாட்டு அந்தப் பிள்ளைக்குக் கேட்டது. அவளுடைய மௌனம் எமக்குக் கேட்கவில்லை. இதற்கு வேறு எவர் மீதும் குறை சொல்ல எமக்கு வாய் இல்லை.

அந்தக் காம்பராவில் நடந்தது என்ன? கரி போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேலான வலுவோடு இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலை வலிக்கும்; வயிற்றைப் பிரட்டும்; பிறகு கால் ஓயும்; அதன் பிறகு தூக்கம். புகை இல்லாத கரி நல்லது என்று நாம் எண்ணுகிறோம். புகை விழித்திருப்பவரின் கண்ணையாவது கரிக்கச் செய்யும், இந்த வாயுவோ எந்த எச்சரிக்கையும் தராது.

இது படிப்பறியாத மலைநாட்டுக்கு மட்டும் நேரும் விபத்து என்று எவரும் எண்ண வேண்டாம். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், அந்த மண் பழகாத கடுங்குளிர் வந்தது. மின்சாரம் நின்றது. பெரிய நகரங்களின் மக்கள் வீட்டுக்குள்ளே கரியடுப்பை மூட்டினார்கள். மூடிய கொட்டகைக்குள் மோட்டார் வண்டியை ஓடவிட்டுச் சூடு காய்ந்தார்கள். விறைத்தும், இந்த வாயுவினாலும், பிற காரணங்களாலும் 240க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செல்வ நாட்டிலும் குளிர் முதலில் தேடியது வயோதிபரையும், தனித்திருந்தவர்களையும், நோயாளரையும்தான்.

"நாங்க பார்க்காத குளிரா, தம்பி? அந்தக் காலத்துல ஒரு கம்பளியும் அடுப்பு நெருப்புமே போதும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். உண்மைதான், ஐயா. ஆனால் அந்தக் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. விடியுமுன் தப்பு அடிப்பார்கள்; பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடுவார்கள். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் ஆள் எங்கே என்று கேள்வி பிறக்கும். அது எம்மீது கொண்ட அன்பினால் அல்ல, வேலைக் கணக்குக்காகத்தான். ஆயினும் வராதவன் வரவில்லை என்பது ஒருவர் கண்ணில் பட்டது. இன்று பல காம்பராக்களில் இளையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பிரட்டிலே பெயரில்லாத பாட்டன் பாட்டிகளும் பிள்ளைகளும்தான் மீதி. அவர்கள் பெயரைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

நாம் இருக்கிறோம் என்பதே எமது விடை. வருஷத்தில் 30 நாள், பொழுது விடியுமுன், ஒவ்வொரு லயத்துக்கும் நடந்து போகிற ஒரே கூட்டம் மார்கழிப் பஜனைக் கூட்டம். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல். ஆண்டாளின் திருப்பாவை 30 பாடல். இரண்டிலும் பெண்கள் வாசல் வாசலாகச் சென்று உறங்கும் தோழியை எழுப்புகிறார்கள். திருப்பாவையில் 6ஆம் பாடல் முதல் 15ஆம் பாடல் வரை பத்துப் பாடல்கள் இதற்கென்றே அமைந்தவை. ஒருத்தி எழும்பவில்லை என்று அவளை விட்டுவிட்டு அவர்கள் நீராடப் போகவில்லை. கேலி பேசுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், நியாயம் கேட்கிறார்கள். ஆனால் வாசலை விட்டு அகலவில்லை. நாம் படித்த மிஷன் பாடசாலையிலும் மார்கழிக் குளிரிலேதான் கரோல் கோஷ்டி வீடு வீடாகப் போகும். அங்கேயும் வீட்டுக்காரர் கதவைத் திறந்து முகம் காட்டிய பின்னரே அடுத்த வீடு. பாட்டு வேறு, வழக்கம் ஒன்று. அதை நாம்தான் மறந்தோம்.

ஆகவே இம்முறை எமது இளைஞர் பகுதி செய்ய எண்ணியிருப்பவற்றைச் சபையின் முன் வைக்கிறோம்.

ஒவ்வொரு லயத்துக்கும் அந்த லயத்துப் பிள்ளைகள் இருவர் பொறுப்பு. தனித்திருக்கும் முதியோர், கைக்குழந்தை உள்ள தாய்மார், இழுப்பு நோய்க்காரர், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கும் கதவுகளை அவர்கள் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார்கள். பஜனை அந்த வாசலுக்கு வந்ததும் பாட்டை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். உள்ளிருந்து ஒரு குரல் வரும்வரை நிற்போம். இருமினாலும் போதும், ஏசினாலும் போதும். குரல் வராவிட்டால் கதவைத் திறப்போம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கரிச்சட்டியில் சூடு காய்வதைக் கைவிடச் சொல்லவில்லை. அது வெறும் பேச்சு. படுக்கப் போகுமுன் சட்டியை வெளியே வையுங்கள். நெருப்பு உள்ளே இருக்கும்வரை ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். ஒரே காம்பராவில் இருவருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால் அதைச் சளி என்று எண்ணாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஈரத்துணியோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். முதலில் உலர்ந்த துணி, தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி, அதன் பின் தேத்தண்ணீர். நடுக்கம் திடீரென நின்று, பேச்சுக் குழறி, மயக்கமாக இருந்தால் அது சுகமானதன் அடையாளமன்று. உடற்சூடு ஆபத்தாகக் குறைந்துவிட்டதன் அடையாளம். கைகாலைத் தேய்க்காமல், உடம்பைப் போர்த்தி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிருக்கு இதமென்று கசிப்பை நாடுகிற அண்ணன்மாருக்கும் ஒரு சொல். அது தோலில் உள்ள குழாய்களை விரித்து உடலின் சூட்டை வெளியே விடுகிறது. உள்ளே சூடு ஏறுவதுபோல் தோன்றும், உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும். மாசியிலே காமன் கூத்துக்கு இரவிரவாக விழித்திருக்கும்போதும், சிவனொளிபாத மலைக்கு ஏறும்போதும் இதை நினைவிற்கொள்ளுங்கள். 2,243 மீற்றர் உச்சியிலே, வியர்த்து நனைந்த சட்டையோடு சூரியோதயத்துக்குக் காத்து நிற்பவர் ஏராளம். மாற்றுச் சட்டையொன்று பையிலிருந்தால் யாத்திரைப் பயன் குறையாது.

குளிருக்கு முன்னே வரும் மழையை மறக்கலாகாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவில் மிகுதியாக அடிபட்டது மலைநாடு. பாதை துண்டிக்கப்பட்டது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அப்படிப்பட்ட இரவில் மீதியாவது பக்கத்துக் காம்பரா மனிதரின் குரல் ஒன்றே.

ஆதலால் கோயில் முற்றத்திலே, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைப்போம். தினமும் காலை பூசைக்குமுன் அளவுகோலால் நீரின் ஆழத்தைப் பார்ப்போம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு; 100 என்றால் புறப்பட ஆயத்தம்; 150 என்றால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ள கணக்கு இதுவே. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கணக்குப் பார்க்காமல் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சேரும் இடம் கோயில்தானே என்று முன்கூட்டித் தீர்மானிக்கவும் கூடாது. கோயிலே சரிவின் அடியில் இருந்தால், சாமியையும் அழைத்துக்கொண்டு வேறிடம் போவதே பக்தி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாரின் விழிப்பு, பாதுகாப்பான வீட்டுக்கு ஈடாகாது. காற்றுப் புகும் ஜன்னலும், சரியாத நிலமும், தன் பெயரில் ஒரு காணித்துண்டும் எம் மக்களுக்குக் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அது கிடைக்கும் நாள் வரை மார்கழி காத்திருக்காது. வருகிற மாதமே பிறக்கப் போகிறது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. இம்முறை பஜனையில் தாளம் போட அவளும் வருகிறாள். "அந்தக் கடைசிக் காம்பரா கிட்ட போனதும் நான்தான் தட்டுவேன்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அவள் தட்டட்டும். கதவு திறக்கும்வரை அவளோடு நாம் அனைவரும் நிற்போம். பெரியோர்கள் எம்மை ஆசீர்வதிக்க வேண்டும். விடியற்காலை எமது குரல் கேட்கும்போது, எழும்ப முடியாவிட்டாலும் ஒரு குரல் கொடுக்கவும் வேண்டும்.