48 மணி நேரத்தில் ஒரு குறும்படம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நேரத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். காலைக் குளிரில் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் குறைந்துவிடும். நேரம் தப்பினால், கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மங்கு நிறையாது. இதை நம் பெற்றோர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நிரையில் நின்று படித்தார்கள்.

அதே பாடத்தை நாங்கள் ஐந்து நண்பர்கள், ஒரு குறும்படம் எடுக்கப் போய்ப் படித்துக்கொண்டோம். அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

சில நிமிடங்களே ஓடும் படத்தைக் குறும்படம் என்கிறோம். இது புதிதாக வந்த ஒன்றன்று. சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில், லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினார்கள். பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. அவற்றுள் ஒன்றில் தோன்றியவர்கள் யார் தெரியுமா? ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. லியோன் நகரில் அந்தச் சகோதரர்களின் தொழிற்சாலையில் வேலை முடிந்து, வாசல் வழியாக வெளியே வந்த தொழிலாளர்கள்! உழைப்பவரின் முகம் திரைக்கு அந்நியமானதல்ல என்பதை இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதிலேயே படம் எடுக்கலாம். அதிலேயே ஒட்டி முடிக்கலாம். ஆகவே இரண்டே நாளில் படம் எடுக்கும் போட்டிகளும் உலகெங்கும் பரவியுள்ளன. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய '48 மணி நேரத் திரைப்படத் திட்டம்' இவற்றுள் பெயர் பெற்றது. கதை எழுதுவது, நடிப்பது, படம் பிடிப்பது, ஒட்டுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே வார இறுதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைக்க முடியாதபடி, படத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டிய பொருளைத் தொடக்கத்தில்தான் சொல்வார்கள்.

அத்தகைய ஒரு போட்டியில் நாங்களும் சேர்ந்தோம். எங்களுள் ஒருவர் லோரி ஓட்டுகிறார். ஒருவருக்குத் தொழிற்சாலையில் வேலை. ஒருவர் கைப்பேசிக் கடையில் இருக்கிறார். ஒருவர் ஆறாம் படிவ மாணவர். ஐந்தாமவர் பாலர் பள்ளி ஆசிரியை. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குப் போட்டிக்குரிய பொருள் அறிவிக்கப்பட்டது. 'வாளி' என்றார்கள். ஞாயிறு மாலை 7 மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

அன்றிரவு கூடிப் பேச நினைத்தோம். ஆனால், பெண்பிள்ளையை இரவில் வெளியே அனுப்ப ஆசிரியையின் தாயார் சம்மதிக்கவில்லை. "எதுவா இருந்தாலும் இங்கேயே உட்கார்ந்து பேசுங்க" என்றார். ஆகவே அவர்கள் வீட்டு அஞ்சடியிலேயே கூடினோம். அந்தத் தடையே எங்களுக்கு நன்மையாக முடிந்தது என்பது பின்னர்தான் விளங்கியது.

தொழிற்சாலை நண்பர் ஒரு கதையோடு வந்திருந்தார். இரண்டு கும்பல்கள், ஒரு கார்த் துரத்தல், கடைசியில் ஒரு சண்டை. எங்களிடம் காரும் இல்லை, கும்பலும் இல்லை. இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நாங்களோ சிரித்துவிட்டோம். அவர் முகம் வாடி எழுந்து போய்விட்டார். மணி பன்னிரண்டு ஆயிற்று. ஐந்து மணி நேரம் கரைந்ததுதான் மிச்சம். கையில் கதையே இல்லை.

அப்போது ஆசிரியையின் பாட்டி வரக்கோப்பி கொண்டு வந்து வைத்தார். "என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டார். வாளியை வைத்து ஒரு கதை வேண்டும் என்றோம். பாட்டி பேசாமல் பின்கட்டுக்குப் போய், நெளிந்துபோன பழைய பால் வாளி ஒன்றைக் கொண்டு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காண்டாவில் தொங்கிய வாளி அது. எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாட்டியும் வேலையை விட்டு நெடுநாள் ஆகிறது. ஆனாலும் இன்றுவரை அவர் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார். எழுந்து என்ன செய்கிறார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அங்கேதான் எங்கள் கதை பிறந்தது. பாட்டி எழுவதும், வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சிறு தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பால்மரங்களைப் பார்க்க நடப்பதும்தான் படம். உரையாடல் கிடையாது. ஐந்து நிமிடம்.

சனிக்கிழமை நாலரை மணிக்குப் படம் பிடிக்கத் தொடங்கினோம். ஐந்து மணிக்கு மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த மழையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. இனி எங்கே நடப்பது, எங்கே மரத்தைப் பார்ப்பது? நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டோம். பாட்டியோ வாசலுக்குப் போய், கூரை ஓரத்தில் வாளியை வைத்துவிட்டு, படியில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி பிடித்திருந்த மாணவர் அதை அணைக்காமல் இருந்தார். மழை சற்றுக் குறைந்தபோது பாட்டி யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இந்த வாளி பாலாலே நிறைஞ்சா அரிசி. மழைத் தண்ணியாலே நிறைஞ்சா கடன்."

நேயர்களே, மழையில் பட்டை நனைந்தால், வெட்டுக் காயத்திலிருந்து வரும் பால் தடம் மாறி மரமெங்கும் வழிந்துவிடும். மங்கில் விழுந்ததும் தண்ணீரோடு போய்விடும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. நாட்கூலிக் காலத்தில் வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. இதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆனால், அந்தப் படியில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது. எடுக்க நினைத்த படத்தை விட்டோம். மழையையும் வாளியையும் பாட்டியின் முகத்தையும் எடுத்தோம்.

படம் பிடித்தாயிற்று. ஒட்டுவதற்கு வேண்டிய கணினி யாரிடம் இருந்தது? கோபித்துக்கொண்டு போன நண்பரிடம்! அவரைத் தேடிப் போக எங்களுக்குக் கூச்சம். "நீ போ, நான் போ" என்று சனிக்கிழமை பிற்பகல் முழுவதையும் வீணாக்கினோம். இருட்டிய பிறகுதான் நால்வருமாகப் போய், "சிரித்தது எங்கள் தப்பு" என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கணினியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். அவர் கதையை ஒதுக்கியது தவறன்று. ஒதுக்கிய விதமே தவறு.

அவர்தான் படத்தைக் காப்பாற்றினார். நாங்கள் பெருமையாக எடுத்த காட்சிகளில் பாதியை, "இது இல்லாமலே கதை புரிகிறது" என்று சொல்லி நீக்கினார். ஞாயிறு மாலை ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. முடிந்தது என்றுதான் எண்ணினோம். முழுப்படத்தையும் ஒரே கோப்பாகக் கணினி சேர்த்து முடிக்க ஐம்பது நிமிடம் பிடித்தது. அனுப்பப் பார்த்தால் லயத்தில் இணையத் தொடர்பு ஊர்ந்தது. மோட்டார் சைக்கிளில் பெரிய சடக்குவரை ஓடினோம். படம் போய்ச் சேர்ந்தபோது மணி 7.09.

ஒன்பது நிமிடத் தாமதம். எங்கள் படம் போட்டியில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. விதி விதிதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாட்டியிடம் சொன்னோம். அவர் சிரித்தார். "பாலை வெட்டினா மட்டும் போதுமா? நேரத்தோட ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தாத்தானே கணக்கு" என்றார்.

இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு நாங்கள் பட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறோம். முதலாவது, கையில் இருப்பதைக் கொண்டு கதை அமையுங்கள். இல்லாததைத் தேடி அலையாதீர்கள். எழுத்தில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது திரைத்துறையினர் கொள்ளும் கணக்கு. ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து பக்கம் போதும். இரண்டாவது, ஆளுக்கொரு வேலை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். அழைப்பு வந்து காட்சி கெடாதபடி தொடர்பைத் துண்டித்து வையுங்கள். நான்காவது, பேசுபவரின் அருகில் இன்னொரு கைப்பேசியை வைத்து ஒலியைத் தனியே பதிவு செய்யுங்கள். படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். பேச்சுக் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவர். ஐந்தாவது, கெடு 7 மணி என்றால் உங்கள் கெடு 4 மணி. ஆறாவது, மனத்தாங்கலை அன்றன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். எங்களைத் தோற்கடித்தவை அந்த ஒன்பது நிமிடங்கள் அல்ல. மன்னிப்புக் கேட்கத் தயங்கிய அந்த ஒரு பிற்பகல்தான்.

அடுத்த சனிக்கிழமை இரவு, கோயில் முன்புறத்தில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டினோம். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் படம் காட்டியதுபோல, பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். தம் முகத்தைத் திரையில் கண்ட பாட்டி, "ஐயோ, எம் மூஞ்சி இவ்வளவு பெருசா?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். வாளியைப் பற்றிய அந்தச் சொல் வந்தபோது சிரிப்பு அடங்கியது.

படம் முடிந்ததும் முதியவர் ஒருவர் எழுந்து, மழை நாள்களில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி ஐந்து வீடுகள் பகிர்ந்துகொண்டதைச் சொன்னார். கிழங்கைத் தோண்டிக் கொடுத்தவர் பாட்டி என்றார். பாட்டியின் மகளுக்கே, அதாவது எங்களை இரவில் வெளியே விட மறுத்த அந்தத் தாயாருக்கே, அது தெரியாது. "ஏம்மா, ஒரு நாளும் எங்கிட்டே சொல்லலியே" என்றார். "நீ கேக்கலியே" என்றார் பாட்டி. அன்றிரவு பதினொரு மணிவரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

நம் மக்களின் வாழ்வு திரைக்கு ஏற்றதா என்று ஐயுறுவோருக்கு ஒன்று சொல்வோம். தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த ஒரு குடும்பத்துச் சிறுவனின் கதையைச் சொன்ன 'ஜகாட்' என்னும் தமிழ்ப்படம் 2015ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளிவந்தது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதையும் அது பெற்றது.

பெற்றோர்களே, பிள்ளைகள் கைப்பேசியோடு கூடிப் பேசினால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு அஞ்சடியில் இடம் கொடுங்கள். என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இளைஞர்களே, போட்டிக்கு அடுத்த ஆண்டும் கெடு வைப்பார்கள். நம் வீட்டு முதியவர்களுக்கும் ஒரு கெடு உண்டு; அது எப்போது என்று யாரும் அறிவிப்பதில்லை. ஆகவே இந்த வாரமே அவர்கள் அருகில் உட்காருங்கள். கைப்பேசியைத் திறந்து வையுங்கள். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்.