பௌர்ணமிக்குக் கூடும் களவா

மீன் சந்தையில் களவா பார்த்திருப்பீர்கள். அகன்ற வாய், தடித்த உதடு, எதற்கும் அவசரப்படாத முகம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கரீபியக் கடல் மீனைப் பற்றி இன்று பேசலாம். அதன் பெயர் நாசோ களவா.

பவளப்பாறை இடுக்கில் தனியாகக் காலம் தள்ளும் மீன் இது. ஆனால் குளிர்காலப் பௌர்ணமி நெருங்கினால் இடுக்கை விட்டுக் கிளம்பிவிடும். சில மீன்கள் நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீந்துகின்றன. போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் பாறைத்தளம் முடிந்து கடல் சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு. பஹாமாஸின் பிமினி தீவருகே அப்படி 30,000 முதல் 1,00,000 மீன்கள் வரை கூடியிருந்ததாக 1972-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

கூடியதும் நிறம் மாறுகிறது. வழக்கமான பழுப்புப் பட்டைகள் மறைந்து, பல மீன்களுக்கு முதுகு கருத்து, வயிறு வெளுத்துவிடும். 'சண்டைக்கு வரவில்லை' என்று காட்டும் அடையாளம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பௌர்ணமி கழிந்த சில நாட்களில், பொழுது சாயும் வேளை, உடல் முழுதும் கருத்த ஒரு பெண் மீன் மேல்நோக்கிப் பாயும். ஆண்கள் கூட்டமாகத் துரத்தும். முட்டையும் விந்தும் ஒரே நொடியில் நீரில் கலக்கும். மங்கும் வெளிச்சம் முட்டை தின்னிகளின் கண்ணை மறைக்கும். நீரோட்டம் முட்டைகளை விளிம்புக்கு அப்பால் கொண்டு போகும். குஞ்சுகள் ஒரு மாதத்துக்கு மேல் மிதந்து திரிந்த பிறகே கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து சேரும்.

அதே இடம், அதே நிலவு. மீனவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சுற்றுவட்டார மீனெல்லாம் ஓரிடத்துக்கு வருவதால், இனம் குறைந்துகொண்டே போனாலும் தூண்டிலில் குறை தெரியாது. லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் சுமார் 7,000 மீன்கள் கூடும் இடம் 2001-இல் மீனவர் கண்ணில் பட்டது. இரண்டே பருவங்களில் ஏறத்தாழ 4,000 போயின. 2003-இல் கேமன் அரசு அங்கே மீன்பிடிக்கத் தடை போட்டது. பல ஆண்டுகள் பலன் தெரியவில்லை; 2009-இல் எஞ்சியவை ஏறக்குறைய 1,200 என்று மதிப்பிட்டார்கள். ஆனாலும் தடையை எடுக்கவில்லை. 2018-இல் எண்ணிக்கை மீண்டும் 7,000-ஐத் தாண்டியது.

கரீபியத்தில் இப்படி மீளாத பழைய கூடுமிடங்கள் பல. இளமீன்கள் மூத்தவற்றின் பின்னே போய்த்தான் வழியைக் கற்கின்றன என்று கருதப்படுகிறது. லிட்டில் கேமனில் தடை வந்தபோது, வழி தெரிந்த மீன்கள் கொஞ்சமாவது மிச்சமிருந்தன.