ஆடி விடுமுறையும் கதிர்காமக் காட்டு வழியும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறை வருகிறதென்றால் இளைஞர் உள்ளம் வீட்டில் தரிப்பதில்லை. அது குற்றமன்று, வயதின் இயல்பு. கண்டறியாத ஊரைக் காணவேண்டும், உடம்பின் வலிமையைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் இருபது வயதில் எழாவிட்டால் வேறெப்போது எழும்? ஆனால் அந்த ஆவலோடு கூடவே வீட்டில் ஒரு வழக்கும் பிறக்கிறது. “போகப்போகிறேன்” என்கிறான் பிள்ளை. “வேண்டாம் ராசா” என்கிறாள் தாய். “யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய்?” என்று தந்தை கேட்கிறார். முதற் கேள்விக்கே விடை தடுமாறுகிறது. அதன்பின் ஒன்றில் பயணம் நின்றுவிடும். அல்லது பிள்ளை சொல்லாமற் போய்விடுவான். இரண்டும் நன்றன்று.

இந்த வழக்குக்கு நாம் கூறும் தீர்ப்பு எளியது. ஆயத்தமில்லாத துணிவைப் பெற்றார் தடுப்பது நியாயம். ஆயத்தத்தோடு வரும் துணிவைத் தடுப்பது நியாயமன்று. திட்டமிடுதல் பயணத்தின் இன்பத்தைக் கெடுக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் திட்டமே பயணத்தின் முதல் நாள். இதனை வெறும் உபதேசமாகச் சொல்லாமல், நமது நாட்டில் நாம் நடக்கக்கூடிய ஒரு பாதையை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அது கதிர்காமப் பாதயாத்திரைப் பாதை.

இப்பாதை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. முல்லைத்தீவிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், திருகோணமலையிலே கோணேசர், வெருகற் சித்திரவேலாயுதர், மட்டக்களப்பிலே மாமாங்கேசுவரர், மண்டூர் முருகன், திருக்கோவிற் சித்திரவேலாயுதர் என்று கிழக்குக் கரையோரமாகச் சென்று, பொத்துவில், பாணமை கடந்து உகந்தை மலையை அடைகிறது. அதன்பின் ஊரில்லை, காடுதான். குமண வனத்தினூடே சென்று, குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் வழியாக மாணிக்க கங்கைக் கரையிலுள்ள கதிர்காமத்தைச் சேர்கிறது. முழுவதும் நடப்பவருக்கு ஒன்றரை மாதத்துக்கு மேற் செல்லும். உகந்தையிலிருந்து நடப்பவருக்கு ஐந்து அல்லது ஆறு நாள் போதும்.

எனவே முதலிற் செய்யவேண்டியது நம்முடைய அளவை நாம் அறிவது. தொழில் பார்க்கும் இளைஞனுக்கு ஒன்றரை மாத விடுமுறையை யார் கொடுப்பார்? பரீட்சையை வைத்துக்கொண்டு மாணவன் எப்படி அவ்வளவு நாள் நடப்பான்? அவர்கள் உகந்தையிலிருந்து நடக்கட்டும். பதினைந்து நாள் உடையவர் மட்டக்களப்பிலிருந்து நடக்கட்டும். பாதி வழி நடந்தவனுக்குப் பாதிப் புண்ணியம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை. இயன்றதைத் தெரிந்துகொண்டு அதனை முழுமையாகச் செய்வதே சிறப்பு.

இரண்டாவது, காலம். கதிர்காமத் திருவிழா சந்திரனைப் பின்பற்றி வருவது. ஓராண்டிற் கொடியேற்றம் யூன் மாதத்திலேயே வந்துவிடும்; மற்றோராண்டில் யூலைக்குச் செல்லும். காட்டு வழியோ குறித்த சில நாள்களுக்கு மாத்திரமே திறக்கப்படும். அந்த நாள்களை வனசீவராசிகள் திணைக்களமும் அம்பாறை மாவட்டச் செயலகமும் கூடி ஆண்டுதோறும் அறிவிக்கின்றன. “சென்ற ஆண்டு இந்தத் திகதியிலே திறந்தார்கள்” என்று நம்பிப் புறப்படுபவன் மூடிய வாயிலின் முன்னே நிற்பான். பஞ்சாங்கத்தைப் பார்த்து, அறிவித்தலையும் கேட்டறிந்து, அதன்பின்னரே விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். இதைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யாத்திரைக் காலத்தில் கிழக்கிலே மழையில்லை. கச்சான் காற்று அனலை வாரி இறைக்கும் காலம் அது. அந்த வெயிலிலே நடப்பவனுக்கு நாளொன்றுக்குக் குடிப்பதற்கு மாத்திரம் நாலு லீற்றர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் ஐந்து நாள் நடந்தால் 200 லீற்றர். அதன் நிறை 200 கிலோ. யாராலும் சுமக்க இயலாது. ஆகவே எந்த இடத்தில் நீர் உண்டு, எந்த இடத்தில் இல்லை என்னும் அறிவுதான் நாம் சுமந்து செல்லக்கூடிய நீர். குமுக்கன் ஆற்றுக்கும் மாணிக்க கங்கைக்கும் இடைப்பட்ட நிலம் வறண்டது. அண்மை ஆண்டுகளில் அன்பர்களும் படையினரும் வழியிலே தண்ணீர்த் தாங்கி வைத்து உதவுகின்றனர், அவர்களுக்கு நன்றி. ஆயினும் பிறர் உதவியை மாத்திரம் நம்பித் திட்டமிடலாகாது. ஒவ்வொருவர் தோளிலும் இரண்டு லீற்றராவது எப்போதும் இருக்கவேண்டும். குளத்து நீரையும் ஆற்று நீரையும் வடித்துக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுக்கவேண்டும். அது இல்லையேல் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தாற் போதும். அளவு பிசகக்கூடாது.

நீரைப்பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாந்திபேதி யாத்திரிகர் கூட்டத்தோடு கூடவே நடந்தது. அதனாலேயே பிரித்தானிய அரசினர் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்வ் என்பவருக்கு யாத்திரையை மேற்பார்வை செய்வதும் ஒரு கடமையாயிருந்தது. பக்தி நோயைத் தடுப்பதில்லை, சுத்தம் தடுக்கிறது. நாம் அசுத்தஞ் செய்த நீரையே நமக்குப் பின்னால் வரும் மூதாட்டி குடிக்கவேண்டும் என்ற நினைவு ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டும்.

நான்காவது, உடம்பும் பொதியும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நடந்து பழகவேண்டும். முதல் வாரம் காலையில் ஐந்து கிலோமீற்றர்; பின்னர் பத்து; கடைசி வாரம் பொதியோடு பதினைந்து. வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டவர் வெறுங்காலோடு பழகட்டும். செருப்பணிபவர் பழகிய செருப்பையே அணியட்டும். புதுச் செருப்பு இரண்டாம் நாளே பழிவாங்கும். பொதி உடம்பின் நிறையில் ஐந்திலொன்றுக்கு மேற்படக்கூடாது. மாற்றுடை ஒன்று, சாரம் ஒன்று, படுக்க விரிப்பு, ரோச் லைற், மருந்து, தீப்பெட்டி. உணவுக்கு அவல், வறுத்த அரிசிமா, பயறு, பனங்கட்டி, புழுக்கொடியல். இவை கெடாதவை; பசியாற்றுபவை. பொலித்தீன் பைகளைக் கொண்டுபோகவே வேண்டாம். கொண்டுபோனதில் மிச்சமாகும் குப்பை எதுவாயினும் கதிர்காமம் வரை நம்மோடே வரட்டும். மானும் யானையும் அதைத் தின்று மடிவதற்கு நாம் காரணமாகலாமா?

ஐந்தாவது, காட்டின் சட்டம். காட்டிலே யானையும் கரடியும் சிறுத்தையும் உண்டு. ஆற்றிலே முதலையும் உண்டு. அது அவற்றின் வீடு, நாம் விருந்தினர். விடிந்தபின் நடக்கவேண்டும், பொழுது சாயுமுன் கூட்டத்தோடு தங்கவேண்டும். தனியே விலகிப் போகலாகாது. யானையைக் கண்டு படம் எடுக்க நெருங்குவது வீரமன்று. பாம்பு தீண்டினால் வாயால் உறிஞ்சுவதும், கத்தியாற் கீறுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. தீண்டிய உறுப்பை அசையாது வைத்து, விரைவாக வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வழி பார்க்கவேண்டும். நாடெங்கும் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். ஆனால் காட்டினுள்ளே கைத்தொலைபேசியை நம்பமுடியாது. ஆதலின் பணியிலுள்ள அலுவலர் எங்கே இருக்கின்றனர் என்பதை உகந்தையிலேயே கேட்டு எழுதிக்கொள்வது அறிவு.

ஆறாவது, கூட்டும் கணக்கும். பத்துப் பேர் போதும். முன்னே ஒருவர், பின்னே ஒருவர். பின்னே வருபவரே கூட்டத்தில் மூத்தவராக இருக்கட்டும். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம். ஒருவர் பணத்தை வைத்திருக்கட்டும். மற்றொருவர் கணக்கு எழுதட்டும். திரும்பி வரும் பஸ் செலவை முதலிலே எடுத்து ஒதுக்கிவிடவேண்டும். நமது சகோதரிகளும் இந்த யாத்திரைக்கு வர உரிமையுடையவர்கள். பாதையிலே ஆண்டுதோறும் நடந்து பழகியவர்களிற் பலர் நமது தாய்மாரே என்பதை மறக்கவேண்டாம்.

இவ்வளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: நாள், தங்குமிடம், நீர், உடன் வருவோர், செலவு, திரும்பும் நாள். அந்தக் குறிப்பேட்டின் பிரதியொன்றைத் தந்தையின் கையிற் கொடுத்துவிட்டு, அதன்பின் “போய்வரட்டுமா?” என்று கேளுங்கள். அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் அதில் விடையிருக்கும்.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் ஆயத்தத்தோடு வரும்போது நீங்கள் அச்சத்தோடு நிற்காதீர்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இப்பாதையைப் பலமுறை துண்டித்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறையே இப்பாதையைக் கேள்வியால் மாத்திரம் அறிந்து வளர்ந்தது. எந்த மரத்தடியிலே தங்கலாம், எந்த மடுவில் ஆடியிலும் நீர் வற்றாது, ஆற்றை எவ்விடத்திலே கடக்கலாம் என்பதைக் காலால் அறிந்தவர்கள் இன்று முதியவர்களாய் இருக்கின்றனர். அவர்களோடு அந்த அறிவும் போய்விட்டால் நாம் எந்த நூலகத்திலே தேடுவோம்? பிள்ளைகளைத் தடுத்து வீட்டில் வைத்தால் அவர்கள் பத்திரமாய் இருப்பார்கள். பாதை பத்திரமாய் இராது.

ஆகவே நமது மன்றத்துக்கு ஒரு யோசனை. வரும் தைப்பொங்கலுக்குப் பின் ஒரு நாளைக் குறித்து, முன்பு நடந்த பெரியோர்களை அழைப்போம். அவர்கள் சொல்வதை இளைஞர் எழுதட்டும். அந்த ஏட்டோடு ஒரு சிறு கூட்டம் அடுத்த ஆடிக்கு உகந்தையிலிருந்து நடக்கட்டும். கண்டதைத் திருத்தி, புதியதைச் சேர்த்து, அதற்கடுத்த ஆண்டுக் கூட்டத்தின் கையில் ஒப்படைக்கட்டும்.

அன்பர்களே, அந்தப் பாதையிலே ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். உத்தியோகத்தரும் சாமி, கூலிக்காரரும் சாமி, வழியில் நீர் தரும் சிங்களச் சகோதரரும் சாமி. கதிர்காமத்திலே பௌத்தரும் வழிபடுகின்றனர். அங்கே பள்ளிவாசலும் உண்டு. பிற ஊரைக் காண்பதற்கென்று புறப்படும் இளைஞன் பிற மனிதரைக் கண்டு திரும்புவானாயின், அதைவிடப் பெரிய சாகசம் வேறில்லை. ஆயத்தத்தோடு புறப்படுங்கள், அனைவரும் சேர்ந்து திரும்புங்கள். கந்தன் திருவருள் துணைநிற்பதாக.