உறைநிலத்தின்மேல் ஒரு நகரம்
(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



குளிர் என்பது தமிழில் இனிய சொல். கண் குளிரக் காண்பதும் உள்ளம் குளிர வாழ்த்துவதும் இம்மொழியின் நெடுங்கால வழக்குகள். அருளுக்குத் ‘தண்ணளி’ என்றே பெயர். வெயில் காயும் நிலத்தில் வளர்ந்த மொழி, குளிர்ச்சியை நன்மைக்குப் பெயராக்கிக்கொண்டது இயல்பே. சொல்லின் சுவை அது வழங்கும் நிலத்தைச் சார்ந்தது.

அங்ஙனமாயின், ஆண்டில் ஏழு திங்கள் உறைபனியே ஆட்சி செய்யும் நகரொன்றில் குளிர் நன்மையா, தீமையா? வெளியிலிருந்து நோக்குவோர் உடனே ‘தீமை’ என்பர். உள்ளே வாழ்வோர் அவ்வளவு விரைந்து விடை கூறார். அவர்தம் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. அக்கணக்கைப் பார்ப்பதற்கு உலகில் மிகப் பொருத்தமான நகர் யாகுத்சுகு.

உருசிய நாட்டின் கிழக்குச் சைபீரியாவில், இலேனாப் பேராற்றின் இடக்கரையில், வடக்கு அகலாங்கு 62 பாகையில் அந்நகர் அமைந்துள்ளது. 1632-இல் உருசியக் கோசாக்குப் படையினர் எழுப்பிய மரக்கோட்டையே அதன் தொடக்கம். அவர்கள் வருமுன்னரே துருக்கிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்த சகா மக்கள் அந்நிலத்தில் குதிரையும் மாடும் வளர்த்து வாழ்ந்திருந்தனர். இன்று அது சகா குடியரசின் தலைநகர். ஏறத்தாழ மூன்றரை நூறாயிரம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். சனவரித் திங்களின் நிரவல் வெப்பநிலை சுழிக்குக் கீழே 40 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். 1891 பிப்பிரவரியில் அது சுழிக்குக் கீழே 64.4 பாகைவரை இறங்கியது. கோடையிலோ 30 பாகையைத் தாண்டும் நாள்களும் உண்டு. மிகு குளிருக்கும் மிகு வெப்பத்திற்கும் இடையே 100 பாகைக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் காணும் நகரங்கள் உலகில் மிகச் சில.

தீமைகள்

முதலாவது, உடலுக்கு நேரும் இடர். கையுறை கழற்றிய விரல்கள் சில மணித்துளிகளில் உணர்விழக்கும். மூக்கிலும் காதிலும் கன்னத்திலும் குருதியோட்டம் குன்றித் தசை உறைந்து கெடும். மாழைச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுழிக்குக் கீழே 45 பாகை அளவிற்கு இறங்கினால் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு விடுமுறை; இன்னும் இறங்கினால்தான் மூத்த மாணவர்க்கு விடுமுறை.

இரண்டாவது, பனிமூட்டம். குளிர் 40 பாகைக்கும் கீழே இறங்குங்கால், மக்களின் மூச்சிலும் புகைபோக்கிகளிலும் உந்துகளின் கழிபுகையிலும் உள்ள நீராவி நுண்ணிய பனித்துகள்களாக மாறி நகரின்மேல் படியும். காற்றசைவு இன்மையால் அது எளிதிற் கலைவதில்லை. எதிரே வரும் பேருந்தின் விளக்கும் அருகில் வந்த பின்னரே தெரியும்.

மூன்றாவது, ஒளியின்மை. திசம்பரின் குறும்பகல் ஏறத்தாழ ஐந்து மணிநேரமே. இருளிற் பள்ளிக்குச் சென்ற பிள்ளை இருளிலேயே வீடு திரும்பும்.

நான்காவது, செலவும் ஒதுக்கமும். வீடுகளை ஆண்டில் எட்டுத் திங்களேனும் வெப்பமூட்டியாக வேண்டும். வெப்பநீர்க் குழாய் வெடித்தால், அது வெறும் பழுதன்று. அக்குடியிருப்பு முழுவதன் உயிர்ச்சிக்கல். சீருந்து வைத்திருப்போர் வெப்பமூட்டிய கொட்டகை தேடுவர். அஃதில்லார் தடித்த போர்வையால் வண்டியை மூடுவர். அல்லது பொறியை நிறுத்தாமலே ஓடவிடுவர். இலேனா ஆற்றின்மீது அந்நகரருகே நெடுங்காலமாகப் பாலம் இல்லை. இருப்புப்பாதை எதிர்க்கரைவரை 2011-இல் வந்தது. 2019-இல் பயணியர் வண்டியும் வந்தது. ஆறு மட்டும் குறுக்கே நின்றது. கோடையில் மிதவைக் கலமும் குளிர்காலத்தில் பனிக்கட்டிமேற் சாலையும் உதவும். ஆறு உறையத் தொடங்கும் போதும் உடையத் தொடங்கும் போதும் சில கிழமைகளுக்கு இரண்டும் இல்லை. அந்நாள்களில் கடைகளில் விலையேறும். நோயாளியை அக்கரைக்குக் கொண்டுசெல்வது பெரும்பாடாகும்.

ஐந்தாவது, குளிரை மாந்தரே ஒறுப்பாக்கிய கொடுமை. உருசியப் பேரரசு தனக்கு மாறானோரை அந்நிலத்துக்கு நாடு கடத்தியது. எழுத்தாளர் பெசுத்துசேவு 1827 முதல் 1829 வரை யாகுத்சுகில் ஒதுக்கப்பட்டிருந்தார். கொரொலெங்கோ 1881 முதல் 1884 வரை, அதே நிலப்பகுதியின் அம்கா ஊரில் காலங்கழித்தார். மதிலும் பூட்டும் இன்றியே அந்நிலம் சிறையாயிற்று. அங்கு விருப்பின்றிக் கொண்டுவரப்பட்டோர்க்குக் குளிர் வேறு எவ்வாறு தோன்றும்? இதனை நினைவிற் கொள்ளாமல் அந்நகரின் நன்மைகளைப் பேசுதல் முறையன்று.

நன்மைகள்

ஆயினும் நன்மைகள் உண்டு. அவை ஆறுதலுக்காகக் கூறப்படுவன அல்ல.

அந்நகரின் குளிர் உலர்ந்த குளிர். நடுக்குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் அசைவதில்லை. கடலோர நகரில் ஈரமும் காற்றும் கூடிய சிறுகுளிர் எலும்பைத் துளைப்பதுண்டு. இங்கோ மென்மயிர்த் தோலாடையும் தோற்காலணியும் முறையாக அணிந்தவர், அதனினும் கடுங்குளிரில் நடந்து சென்று தம் அலுவலைப் பார்க்கின்றனர். குளிரின் கொடுமையை எண் மட்டும் காட்டாது. காற்றும் ஈரமும் உடையும் சேர்ந்தே காட்டும்.

குளிர்காலத்தில் நகரமே ஒரு குளிர்பேழை. திறந்தவெளி அங்காடியில் மீன்கள் விறகுக்கட்டைகளைப்போல் நிமிர்ந்து நிற்கும். பால் வட்டப் பாளங்களாக விலையாகும். கோடைக்கும் சகா மக்கள் வழி கண்டனர். உறைந்த மண்ணிற் குடைந்த ‘புலூசு’ என்னும் நிலவறையில் இறைச்சியும் மீனும் கெடாமல் கிடக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியிலும் ஆற்றிலும் பனிப்பாளங்களை அறுத்தெடுத்துக் குடிநீருக்காகச் சேமிக்கும் வழக்கமும் உண்டு. விறகும் மின்னாற்றலும் வேண்டாத இச்சேமிப்பு, குளிர் அளித்த கொடை.

அடுத்து, போக்குவரவு. கோடையில் சதுப்பாகிக் கால்வைக்க இயலாத நிலமும் கடக்க இயலாத ஆறும் குளிர்காலத்தில் கெட்டியான சாலைகளாகின்றன. தொலைவிலுள்ள வடபுலத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கு எரிநெய்யும் மாவும் அந்தப் பனிச்சாலை வழியேதான் செல்கின்றன. குளிர் வழியை அடைப்பது என்று பிறர் கருதுவர். அங்கே வழியைத் திறப்பதே குளிர்தான்.

மேலும் ஒரு வியப்பு. யாகுத்சுகில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 240 மில்லிமீட்டர் அளவே. அவ்வளவு குறைந்த நீரில் வறண்ட புல்வெளி தோன்றுவதே இயல்பு. ஆயினும் நகரைச் சுற்றிலும் பெருங்காடு நிற்கின்றது. கரணியம் என்ன? மண்ணுக்குக் கீழுள்ள உறைநிலம் நீரைக் கீழே இறங்கவிடாமல் வேர்ப்பரப்பிலேயே தாங்கிக்கொள்கின்றது. குளிர் அங்கே காட்டுக்கும் செவிலித்தாய்.

கோடை வரும்போது சூன் திங்களில் கதிரவன் ஏறத்தாழ இருபது மணிநேரம் நிற்கும். அப்போது ‘இசியாக்’ என்னும் பெருவிழா. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த பருகத்தை நிலத்திற்கும் தீக்கும் படைத்து, கைகோத்து வட்டமாக ஆடி, விடியலில் எழும் ஞாயிற்றைக் கை நீட்டி வரவேற்பர். நெடுங்குளிரைக் கடந்தோர்க்கே அவ்விடியலின் அருமை முழுதும் தெரியும். கொசுக்கூட்டமும் காட்டுத்தீயும் அதே கோடையில்தான் வரும் என்பதையும் மறைத்தல் ஆகாது. 2021-இன் கோடையில் சகா குடியரசில் எரிந்த காடுகளின் புகை வடமுனைவரை சென்றது.

அடித்தளம் எது?

பெருமக்களே! இதுவரை கூறியவற்றினும் தலையாய செய்தி நிலத்துக்கு அடியில் உள்ளது. 1828-இல் செர்கின் என்னும் வணிக அலுவலர் யாகுத்சுகில் கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டினர். ஆழம் 116 மீட்டரைத் தாண்டியது. நீர் வரவில்லை, உறைந்த மண்ணே வந்தது. 1840-களில் அறிஞர் மிடன்தோர்பு அக்கிணற்றினுள் வெப்பநிலைகளை அளந்தார். உறைநிலத்தின் ஆழத்தை அறிவியலுலகம் எண்ணாற் கண்டது அப்போதுதான். நீர் தராத கிணறு அறிவு தந்தது. 1960-இல் அந்நகரில் உறைநில ஆய்வு நிறுவனமே தோன்றியது.

இவ்வுறைநிலம் கருங்கல்லைப்போல் உறுதியானது, உறைந்திருக்கும்வரைதான். அதன்மேல் நேரே வீடு கட்டி உள்ளே அடுப்பு மூட்டினால், வெப்பம் இறங்கி மண் உருகும், வீடு சாயும், சுவர் வெடிக்கும். பழைய கட்டடங்கள் பல அவ்வாறு கெட்டன. பின்னர்ப் பொறியாளர் வேறு வழி கண்டனர். உறைமண்ணைத் துளைத்துக் கற்காரைத் தூண்களை ஆழ நட்டனர். மண் மீண்டும் உறைந்து அத்தூண்களைப் பற்றிக்கொண்டது. தரைக்கு மேலே ஆளுயரத்திற்குக் குறையாமலோ சற்றுக் குறைவாகவோ இடைவெளி விட்டு, அதன்மேல் வீட்டை எழுப்பினர். குளிர்காற்று அவ்விடைவெளியிற் புகுந்து வீட்டின் வெப்பத்தை அகற்றி மண்ணைக் காத்தது. நீர்க்குழாய்களும் எரிவளிக் குழாய்களும் நிலத்தில் புதையாமல் மேலே செல்வதும் இதனாலேயே.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள்ளே குளிரைத் தடுக்கின்றனர். வீட்டுக்கு அடியிலோ குளிரை வரவேற்கின்றனர். எக்குளிர் விரலைக் கெடுக்கின்றதோ அக்குளிரே வீட்டைத் தாங்குகின்றது. தீமையை மட்டும் நீக்கி நன்மையை மட்டும் வைத்துக்கொள்ள அங்கே இயலாது.

இன்று அவ்வடித்தளத்துக்கே ஏதம் நேர்ந்துள்ளது. உலகம் வெப்பமுற்று வருகின்றது. வடபுலம் பிற இடங்களினும் விரைவாக வெப்பமுறுகின்றது. யாகுத்சுகின் ஆண்டு நிரவல் வெப்பநிலை சில பத்தாண்டுகளில் 2 பாகைக்கு மேல் உயர்ந்துள்ளது. குளிர் தணிந்தது நன்றுதானே என்று மகிழ்வோரும் இருக்கலாம். ஆனால் தூண்களின் பிடி தளர்கின்றது, சுவர்கள் விரிசலுறுகின்றன, மேய்ச்சல் நிலம் குண்டுங்குழியுமாகிறது, நிலவறைகளில் நீர் கசிகின்றது. 2018-இல் சகா குடியரசு உறைநிலத்தைக் காப்பதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. குளிரைப் பகையென்று உலகம் பேசிய இடத்தில், குளிரைக் காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. ஆயினும் அக்குடியரசின் சட்டம் அக்குடியரசின் எல்லைக்குள்தான் செல்லும். உலகின் புகைபோக்கிகள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன.

சொல்லும் நிலமும்

உறைநிலம் உருகிப் பள்ளமாகி, நடுவே ஏரியும் சுற்றிலும் புல்லும் தோன்றும் நிலவகையைச் சகா மக்கள் ‘அலாசு’ என்பர். உலக அறிவியலார் அந்நிலவகைக்கு வேறு பெயர் தேடவில்லை, அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். எம்மக்கள் ஒன்றை நெடுங்காலம் அறிந்து வாழ்கின்றனரோ, அவர்தம் மொழியே அதற்குச் சொல் தரும்.

அம்மொழி பட்ட பாடும் சிறிதன்று. 1917-இல் நொவ்கோரதொவு அம்மொழிக்கு எழுத்துமுறை வகுத்தார். பின்னர் அது மாற்றப்பட்டது. 1939-இல் மீண்டும் மாற்றப்பட்டு உருசிய எழுத்து வந்தது. ஒரு தலைமுறைக்குள் மூன்று எழுத்துமுறைகள்! நாட்டுப்புறப் பெருங்கதைப் பாடலாகிய ஒலொங்கோவை எழுத்தில் நிறுத்திய பாவலர் ஒயூன்சுகி 1939-இல் சிறையில் இறந்தார். அந்த ஒலொங்கோவை 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் மொழிவரைபடத்தில் சகா மொழி ஏதநிலைக்கு உள்ளாகக்கூடிய மொழிகளுள் வைக்கப்பட்டுள்ளது. ஒயூன்சுகியின் பெயர் தாங்கிய நாடக அரங்கம் அந்நகரில் இயங்குகின்றது. சகா மொழித் திரைப்படங்களும் அங்கே உருவாகின்றன. குளிரைப் பற்றிய அறிவு நூலகத்தில் மட்டும் இல்லை. அம்மொழி பேசும் பாட்டியின் வாயில் உள்ளது. ‘புலூசு’ உருகினால் ஒரு நிலவறை போகும். அச்சொல்லும் மறைந்தால், அதனை மீண்டும் தோண்டும் அறிவும் உடன்போகும்.

முடிவு

ஆகவே, குளிர்நகர வாழ்க்கை நன்றா தீதா என்னும் வினாவிற்கு ஒற்றைச்சொல் விடை இல்லை. சிறைப்பட்டு வந்தவனுக்கு அது தீது. பொன்னும் மணிக்கல்லும் தேடி வந்து, பொருள் சேர்ந்ததும் திரும்புவோனுக்கு அது பொறுத்துக்கொள்ள வேண்டிய செலவு. அந்நிலத்தின் மொழியும் முறையும் கற்றுத் தலைமுறை தலைமுறையாய் வாழ்வோர்க்கோ அது உணவுக்களஞ்சியம், சாலை, காடு, வீட்டின் அடித்தளம். குளிர் மாறவில்லை; அதனோடு கொண்ட உறவே மாறுகின்றது.

எந்நிலத்தின் நன்மை தீமைகளையும் அங்கே வாழும் மக்களைக் கேட்டு, அவர்தம் சொற்களைக் கொண்டு அளத்தலே முறை. வெயில் நிலத்தார் வெயிலின் அளவுகோலைக் கொண்டு பனிநிலத்தை அளப்பதும், பனிநிலத்தார் தம் அளவுகோலைக் கொண்டு பிறரை அளப்பதும் பிழையே. யாகுத்சுகின் மக்கள் தம் குளிரை இழக்க அஞ்சுகின்றனர் என்னும் ஒரு செய்தியை இவ்வவையினர் இல்லத்திற்கு எடுத்துச் சென்று, தம் பிள்ளைகளுக்குக் கூறுவாராயின், அதுவே போதும்.