சீர்வரிசைத் தட்டும் தீர்மானப் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் எர்ணாவூர் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க கலைக்குழுவைப் பத்திப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பாட்டு, டான்ஸ் குழுன்னு நினைச்சுடாதீங்க. நாங்க நாலு தோழிங்க சேர்ந்து ஆரம்பிச்சது கண்காட்சி வைக்கிற குழு. எதைக் காட்டணும், எதுக்குப் பக்கத்துல எதை வைக்கணும், கீழே என்ன எழுதணும்னு முடிவு பண்ற வேலை. இங்கிலீஷ்ல கியூரேட்டர்னு சொல்வாங்க. நமக்கு இது புதுசு இல்ல. கல்யாணத்துல சீர்வரிசைத் தட்டு அடுக்குறோம். எந்தத் தட்டு முன்னாடி போகணும், எதை மூடி எடுத்துட்டுப் போகணும்னு யோசிக்கிறோம். அதேதான் இதுவும்.

எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து நம்ம வீட்டுக்குள்ள வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சுவர், பாத்திரம், துணி எல்லாத்துலயும் கறுப்பு. கேமராவோட நிறைய பேர் வந்தாங்க. அவங்க எடுத்த படத்தாலதான் நம்ம கஷ்டம் வெளியே தெரிஞ்சது, அதுக்கு நன்றி. ஆனா எங்க குழு அக்கா ஒருத்தர் சொன்னாங்க: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலையைச் சீவிட்டு வந்து நின்னிருப்பேன். நான் தைச்ச துணியையும் கையில வெச்சிருப்பேன்." அங்கேதான் எங்களுக்கு யோசனை வந்தது. நம்மளைப் பத்தி எதைக் காட்டுறதுன்னு நாமளும் முடிவு பண்ணணும்.

இதுக்கு முன்னால யார் இப்படிச் சேர்ந்து செஞ்சாங்கன்னு தேடினோம். நம்ம சென்னையிலேயே, இதே கடலோரத்துல, தெற்கே ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் கலைக் கிராமம் இருக்கு. சென்னை அரசு ஓவியப் பள்ளி முதல்வரா இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அதுக்கு வழிகாட்டி. படம் வரைஞ்சு மட்டும் பிழைக்க முடியாம அவர்கிட்ட படிச்சவங்க வேற வேலைக்குப் போற நிலைமை. அதனால எல்லாரும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. துணியில மெழுகால கோலம் போட்டு, சாயத்துல முக்கி எடுக்கிற பாட்டிக் வேலை செஞ்சு வித்தாங்க. அந்த வருமானத்துல சேர்ந்து சுமார் 10 ஏக்கர் இடம் வாங்கி, 1966ல கிராமம் ஆரம்பிச்சாங்க. சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் மாதிரி பெண்களும் அதுல இருந்தாங்க. 2009ல அங்கேயே ஒரு அருங்காட்சியகமும் வந்தது. வயித்துப்பாட்டுக்குக் கைவேலை, மனசுக்குக் கலை, ரெண்டுக்கும் ஒரே சங்கம். நம்ம சேமிப்புக் குழு மாதிரியே இல்ல?

இன்னொண்ணு வெளிநாட்டுக் கதை. இந்தோனேசியாவுல ஜகார்த்தா நகரத்துல 2000ல நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச குழு ருவாங்ருப்பா. ஜெர்மனியில காசல் நகரத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை டாக்குமென்டான்னு உலகப் பெரிய கண்காட்சி 100 நாள் நடக்கும். 2022ல அதை நடத்துற பொறுப்பு இவங்களுக்குக் கிடைச்சது. அவங்க எடுத்துக்கிட்ட வார்த்தை 'லும்புங்'. அறுவடையில மிஞ்சினதை ஊரே சேர்த்து வைக்கிற பொது நெல் களஞ்சியம். பல நாட்டுக் கலைக்குழுக்களைக் கூப்பிட்டு, பொதுப் பணத்தை என்ன செய்யலாம்னு கூட்டம் போட்டுப் பேசினாங்க.

ஆனா அங்கே ஒரு பெரிய தப்பும் நடந்தது. வெச்ச படம் ஒண்ணுல யூத மக்களை இழிவுபடுத்துற உருவம் இருந்தது. பெரிய எதிர்ப்பு வந்து, அந்தப் படத்தையே எடுக்க வேண்டியதாச்சு. 'எல்லாரும் சேர்ந்து'ங்கிறது 'யாருக்கும் பொறுப்பில்லை'ன்னு ஆயிடக் கூடாது. குழுக் கடன்ல ஒருத்தர் தவணை விட்டா மத்தவங்க பதில் சொல்றோம் இல்ல, அதே மாதிரிதான்.

அந்தப் பாடம் எனக்கும் தேவைப்பட்டது. நாங்க சமுதாயக் கூடத்துல ரெண்டு நாள் கண்காட்சி வெச்சோம். ஆளுக்கு மாசம் 100 ரூபாய் போட்டது, ஊறுகாய், மசாலா வித்த லாபம், அவ்வளவுதான் பணம். வலை பின்னுற ஊசி, பழைய தராசு, கோல நோட்டு, முதல் பாஸ்புக்குன்னு அடுக்கினோம். நடுவுல ஒரு புடவை. எண்ணெய்க் கறை போகாத புடவை. அது முன்னே நான் சொன்ன அந்த அக்காவோடது. "சும்மா பார்த்துட்டுத் தர்றேன்"னு வாங்கிட்டு வந்து, கேக்காமலே மாட்டினது நான்தான்.

அக்கா வந்து பார்த்தாங்க. ஒண்ணும் பேசல. புடவையை உருவி மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்போ அவங்க பொண்ணுக்கு வரன் பேசிட்டிருந்தாங்க. வர்றவங்க முதல்ல அந்தக் கறையைத்தானே பார்த்திருப்பாங்க? கேமராக்காரங்க செஞ்சதைவிட நான் செஞ்சது பெருசு. நான் பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டு மாசம் எங்களுக்குள்ள பேச்சே இல்ல. குழு உடைஞ்சிடும்னுதான் நினைச்சேன்.

அப்புறம் அவங்க வீட்டுக்கே போய், "தப்பு என் மேலதான் அக்கா"ன்னு சொன்னேன். "மன்னிப்பை வாயால சொல்லாத. தீர்மானத்துல எழுது"ன்னாங்க. எழுதினோம்:

1. பொருளுக்குச் சொந்தக்காரங்க வேணாம்னா வேணாம். வாசல் திறந்த பிறகு சொன்னாலும் எடுத்துடணும்.

2. கீழே எழுதுறதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கணும். அவங்க பேசுற பேச்சுலயே எழுதணும்.

3. தேர்வுக் கூட்டத்துக்கு முறை வெச்சு ஒவ்வொருத்தர் தலைமை. முடிவுக்குக் கீழே எல்லாரும் கையெழுத்து.

4. வரவு செலவுக்குத் தனி ரொக்கப் புத்தகம். சேமிப்புப் பணத்தைத் தொடக் கூடாது.

இப்போ நாங்க நாலு பேர் இல்ல, அஞ்சு பேர். அஞ்சாவது கையெழுத்து அந்த அக்காவோடது. புடவை அவங்க பீரோவுலதான் இருக்கு, அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த கண்காட்சிக்கு அவங்க மாமியார் மீன் வித்த கூடையைத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. கீழே என்ன எழுதணும்னு அவங்களே சொல்வாங்க.

உங்க வீட்டுலயும் ஒரு கூடை, ஒரு நோட்டு, ஒரு படம் இருக்கும். காட்டணும்னு தோணினா எடுத்துட்டு வாங்க. வேணாம்னு தோணினா உள்ளேயே வையுங்க. ரெண்டுக்கும் உங்க வார்த்தைதான் கடைசி.