உறைபனி வருமுன் வீட்டுத்தோட்டத்தைக் காத்தல்

மலைநாட்டுக் கமக்காரர்களே,

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும், நுவரெலியாவில் இரவு வானம் தெளிகின்றது. காற்று அடங்கி, நட்சத்திரங்கள் பளிச்சென்று தோன்றும் அவ்விரவே உங்கள் உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஆபத்தான இரவாகும். முகில் மூடியிருந்தால், நிலம் வெளிவிடும் வெப்பத்திற் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பும். முகில் இல்லையேல் அவ்வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடும். வெப்பமானி 3 பாகை காட்டும்போதே தரையிலுள்ள இலைகளில் துகள் உறைபனி படிதல் கூடும்.

குளிர்ந்த காற்று பாரமானது; சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் பாத்தி தப்ப, ஓடையோரப் பாத்தி மட்டும் கருகுவதைக் கண்டிருப்பீர்கள். ஆகையால் உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி ஆகியவற்றை இக்காலத்திற் பள்ளத்தில் நடாதீர்கள். லீக்ஸ், கரட், கோவா என்பன ஓரளவு தாங்கும். பள்ளத்தை அவற்றுக்கு விடுங்கள்.

வானம் தெளியும் அறிகுறி கண்டால், வேலையை அன்று முற்பகலிலேயே தொடங்கவேண்டும். காய்ந்த மண்ணிலும் ஈரமண் அதிக வெப்பத்தைச் சேமித்து வைக்கும். எனவே காலையில் நீர் பாய்ச்சி, பாத்தியில் வெயில் படவிடுங்கள். மண்ணின்மேல் மானாப்புல் பரப்பியிருந்தால் அன்று அதை ஒதுக்கிவிடுங்கள். அது மண்ணின் சூடு செடிக்கு எட்டாமல் தடுக்கும். முளைத்துச் சில நாட்களேயான உருளைக்கிழங்குத் தளிர்களை மண் அணைத்து மூடிவிடலாம்.

வளர்ந்த செடிகளுக்குத் தடிகள் நட்டு, பொழுது சாயுமுன் அவற்றின்மேற் சாக்கையேனும் கிடுகையேனும் பரப்புங்கள். பொலித்தீன் இலையில் முட்டக்கூடாது; முட்டிய இடமே முதலிற் கருகும். வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிடவேண்டும். சிலர் ஈர விறகை எரித்துப் புகை மூட்டுகின்றனர். புகையினாற் கண் எரிவதே மிச்சம். நிலத்தின் வெப்பத்தை அது தடுத்து நிறுத்தாது. பனிக்காலம் நெருங்கும்போது யூரியாவை மிகையாக இடுவதும் தவறு. அதனால் எழும் இளந்தளிர்களே முதலில் அழியும்.

இவ்வளவு செய்தும் ஒரு காலையில் இலைகள் கறுத்துத் துவண்டிருக்கக் கண்டால், மனமுடைந்து செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். உறைந்த இலை மீளாது. ஆயினும் மண்ணுக்குள்ளிருக்கும் தண்டும் கிழங்கும் பெரும்பாலும் உயிருடனிருக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். அடியிலிருந்து புதுத்தளிர் எழுந்தால், கருகியதை நறுக்கிவிட்டு மறுபடியும் மண் அணையுங்கள். விளைச்சல் குறைந்து, அறுவடையும் பிந்தும்; விதைக்கிழங்கிற்கு இட்ட பணம் முழுவதும் நட்டமாகாது.